அந்தி வேட்டு

உடங்காட்டுப்பட்டி
8.6.2025

அண்ணன் செந்தூர்பாண்டிக்கு, தங்கை அழகுமீனா எழுதுவது.

நலமா என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பெண்தான் பேசுகிறாள். விருதுநகரில் யூசுப் பாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிறீர்கள் என்று கம்பெனி வேன் ஓட்டும் சின்னச்சாமி சொன்னார். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்துவிடுகிறேன். வேட்டுக்காரர் தோளில் வத்தல் மூட்டை. தும்மியே ஒருநாள் போய்ச் சேரப்போகிறீர்கள்.

ஊருக்கு வாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு அந்தி வேட்டைப் போட ஆளில்லை. இளவட்டங்கள் நாளுக்கு ஒருவராகப் போட்டார்கள். ஒருவனுக்கு உள்ளங்கை வெந்துபோனது. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் நைட் ஷிப்டு வந்துவிட்டது. நேற்றிலிருந்து நான் போடுகிறேன். சிரிக்காதீர்கள். பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷம் திரி முறுக்கியவள்தானே நானும்.

சூலக்கரையிலிருந்து ஜீப்பில் இரண்டு வன அதிகாரிகள் வந்தார்கள். வேறு ஜில்லாக்காரர்கள், தரையனைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. “பறக்குமாம்மா?” என்று கேட்டார் ஒருவர். “பறந்தா நாங்க எதுக்குய்யா அதுக்குத் தரையன்னு பேரு வைக்கோம்?” என்றேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும், றெக்கை இரண்டும் முறம் அளவுகூட வராது, மூக்கு அரிவாள் மாதிரி, உடைமரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றால் அதுவும் ஒரு மரம்தான் என்று சொன்னேன். அந்தி மசங்கும்போது ஊர் எல்லையில் வந்து காது கொடுத்து நிற்கும். வேட்டுச் சத்தம் கேட்டால் திரும்பிப் போகும். கேட்காவிட்டால் ஊருக்குள் நடந்து வரும். இந்தப் பக்கத்தில் வெடி செய்யப் பழகியதே அதற்காகத்தான், தீபாவளியெல்லாம் பிறகு வந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு கூண்டை வைத்து, அதற்குள் ஒரு வெள்ளாட்டையும் கட்டிவிட்டுப் போனார்கள். ஆடு இரவும் பகலும் கத்தியது. தரையன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டை நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

ஒருமுறை உள்ளே வந்து ருசி கண்டது திரும்ப வரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

மீனா


விருதுநகர்
11.6.2025

மீனாவுக்கு,

வரமாட்டேன்.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். சின்னச்சாமி “பதில் வாங்கிட்டு வரச் சொன்னாக” என்று மண்டி வாசலில் உட்கார்ந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கம்பெனியில் மருந்து அறை வெடித்து ஐந்து பேர் போனார்கள். அதில் உன் புருஷன் முனியராஜும் ஒருவன். மறுநாள் ஐந்து பேரையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் அடக்கம் முடிந்து நான் வேட்டு போடும் திடலுக்குக் கிளம்பும்போது நீ என் காலைப் பிடித்தாய். “அண்ணே, இன்னைக்கு ஒரு அந்தி மட்டும் வேட்டு வேண்டாண்ணே. அந்தச் சத்தத்துலதான் அவுக போனாக. இன்னொருக்க கேட்டா எங்க உசுரு நிக்காதுண்ணே.” ஐந்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதீர்கள். துக்கத்துக்கு வேட்டு போடாமல் இருப்பது முறைதான் என்று ஊரும் சொன்னது. வேறு ஊரில் அது முறையாக இருக்கலாம். நான் வேட்டுக்காரன். முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்டது நீ என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் அத்தனை பேர் பேசினீர்கள். என் பிள்ளை வேல்விழியிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தி என்றால் அவளுக்கு ஊதுபத்தி. நான் வேட்டுக் குழாயில் மருந்தை இடிப்பேன், அவள் ஊதுபத்தியைக் கொளுத்தி நீட்டுவாள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் துக்கமும் முறையும் என்ன தெரியும்? அப்பா திடலில் நிற்பார் என்று ஊதுபத்தியோடு தனியே போய்விட்டாள். கண்ணாடியும் இல்லை. அதன் கால் உடைந்ததென்று இங்கே பஜாரில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே மரம்தான்.

போனைப் போடச் சொல்லாதே. அதில் அவள் பேசி அனுப்பியது கிடக்கிறது.

நீயே போடு. நன்றாகப் போடு. உனக்குத்தான் சத்தம் ஆகாதே.

செந்தூர்பாண்டி


உடங்காட்டுப்பட்டி
15.6.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடைசி வரியை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கம்பெனியில் திரி முறுக்கும்போதும் அதுதான் ஓடியது. நன்றாகத்தான் குத்தியிருக்கிறீர்கள்.

அண்ணி போனபோது வேல்விழி கைக்குழந்தை. அவளுக்குச் சோறு ஊட்டியது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். வயிற்றில் ஒன்று தங்காத எனக்கு அவள்தான் பிள்ளை. உங்களுக்கு மட்டும் போனது மாதிரி எழுதுகிறீர்கள். ஒரே வாரத்தில் புருஷனும் பிள்ளையும் போய், அண்ணனும் பஸ் ஏறிப் போன வீட்டில் நான் இருக்கிறேன். காலைப் பிடித்தது நான்தான். இல்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. தண்ணிக் குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றட்டும்.

ஆனால் இன்றைக்கு அந்திக்கு என்ன செய்வது? தப்பு யாருடையது என்று நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் பொழுது சாயத்தானே செய்கிறது?

வேட்டு எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன். திரியில் நெருப்பை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். சத்தம் வந்ததும் அவர் மருந்து அறை வாசலில் நிற்கிற மாதிரியே தெரிகிறது. அன்றாடம் ஒருமுறை அவரைச் சாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வைக்கிறேன். பழகிவிடும் என்கிறார்கள். பழகவில்லை.

நேற்று நெருப்பு வைக்கும்போது உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் உங்கள் காதைப் பொத்திக்கொள்ளவே மாட்டீர்கள். வேல்விழியை இடுப்போடு அணைத்து, இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்துவீர்கள். அதனால்தானே உங்களுக்கு ஒரு காது மந்தம். “எங்கப்பாவுக்கு அந்தக் காதுல ரகசியம் சொல்லக்கூடாது அத்தே, ஊருக்கே கேக்கும்” என்பாள். இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

திடலில் கிடந்த ஊதுபத்திப் பாக்கெட்டைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அவள் கையால் பிரித்தது. நான் வேறு வாங்கிக் கொளுத்துகிறேன்.

தரையனைக் கண்மாய்க் கரைமேல் பார்த்ததாகக் கடைசி வண்டியில் இறங்கியவர்கள் சொன்னார்கள். முன்னெல்லாம் கரை ஏறாது. இப்போது ஏறுகிறது.

மீனா


விருதுநகர்
18.6.2025

மீனாவுக்கு,

அந்த வரியை எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டேன். விட்டுவிடு.

இங்கே டவுனுக்குள் தரையன் வராது. இரவெல்லாம் லாரிச் சத்தம். அந்தி நேரத்தில் எனக்குத்தான் கை நிற்கமாட்டேன் என்கிறது. மூட்டையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்ப உள்ளே போகிறேன்.

யூசுப் பாய் வீட்டு அம்மா பீவி ஜான் மத்தியானம் சோறு கொடுத்தனுப்புகிறார். போன வெள்ளிக்கிழமை பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “புள்ளைய எங்கன அடக்கம் பண்ணுனீக தம்பி?” என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். எங்கே அடக்கம் செய்தேன்? கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஓடையில், ஒற்றைப் பனையடியில் ரத்தம் கிடந்தது. அந்த மண்ணையும் மறுநாள் மழை கொண்டுபோய்விட்டது. முனியராஜுக்காவது ஒரு மேடு இருக்கிறது. நீ போய் உட்காரலாம். எனக்கு உட்கார ஓர் இடம் இல்லை.

அன்றிலிருந்து இதே யோசனைதான். உனக்கும் தெரிந்த விஷயம்தான். தரையன் தின்றதில் செரிக்காததை உருட்டி வைத்திருந்து கக்கும். முடி, எலும்பு, வளையல், எல்லாம் அதில் இருக்கும். தின்ற இடத்துக்கே வந்துதான் கக்கும். ஓர் அமாவாசைக்குத் தின்றால் அடுத்த அமாவாசைக்குக் கக்கும். ஆனால் வேட்டுச் சத்தம் கேட்கிற நாளில் அது அங்கே தங்காது. கக்கலை வயிற்றில் வைத்துக்கொண்டே வேறு காட்டுக்குப் போய்விடும். பிறகு எந்த ஓடையில் தேடுவது?

வருகிற புதன்கிழமை அமாவாசை. அன்று ஓர் அந்தி மட்டும் வேட்டு போடாதே. ஊரில் சொல்லி எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல். நான் பனையடிக்கு வருகிறேன். ஒரு கைப்பிடி முடி கிடைத்தால் போதும். மண் போட்டுவிடுவேன்.

செந்தூர்பாண்டி


உடங்காட்டுப்பட்டி
21.6.2025

அண்ணனுக்கு,

படித்ததும் முதலில் சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு வெளியே வந்து தெருவைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் இருக்கச் சொல் என்கிறீர்கள். எந்த வீட்டுக்குள்? கீழத்தெருவில் பாதி வீட்டுக்குக் கதவு இல்லை, தார்ப்பாய்தான். தரையன் தார்ப்பாயைக் கிழிக்க எவ்வளவு நேரமாகும்? சீசன் ஆர்டர் வந்து கிடக்கிறது, கம்பெனியில் ஓவர்டைம். கடைசி வேன் வந்து நிற்பதே அந்தி மசங்குகிற நேரத்தில்தான். நடக்க மாட்டாமல் வருகிற பெண்கள் கரையோரமாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் வேன் சத்தம் கேட்டதும் கரைக்கு ஓடுகிறார்கள். நான் எத்தனை பேரைப் பிடித்துக் கட்டிவைப்பேன்? எல்லோரிடமும் சொன்னாலும் ஒரு பிள்ளைக்குச் சொல்ல மறந்துவிடுவோம். ஒரு பிள்ளைக்குத்தான் மறந்தோம் அன்றைக்கும்.

நேற்று லீவு போட்டுவிட்டு உச்சி வெயிலில் ஓடைக்குப் போனேன். கையில் அரிவாளும் ஒரு சரவெடியும் வைத்திருந்தேன். பனையடியில் ஒரு கக்கல் கிடந்தது. உட்கார்ந்து குச்சியால் பிரித்தேன். பழசு. ஆட்டு முடி, ஒரு சைக்கிள் பெல், யாருடையதோ ஒரு மெட்டி. அந்த மெட்டியைக் கழுவி ஊரெல்லாம் காட்டினேன். யாரும் எங்கள் வீட்டுடையது என்று சொல்லவில்லை. அவளுக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் ஆள் காத்திருக்கும். அந்த மெட்டியைத் திடலோரமாக நானே புதைத்தேன்.

இனி தினமும் பகலில் தேடுகிறேன். எத்தனை ஓடையானாலும் போகிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்து தேடுவோம். ஆனால் வேட்டை நிறுத்த முடியாது.

நான் கேட்டபோது நீங்கள் கொடுத்தீர்கள். நீங்கள் கேட்கும்போது நான் இல்லை என்கிறேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மீனா


விருதுநகர்
23.6.2025

மீனாவுக்கு,

திட்டவில்லை.

நீ கேட்டபோது நான் கீழத்தெருவை எண்ணிப் பார்க்கவில்லை. கதவு இருக்கிறதா, வேன் எப்போது வரும் என்று யோசிக்கவில்லை. என் தங்கை கேட்கிறாள் என்று மட்டும் பார்த்தேன். நீ என்னைவிட விவரமானவள்.

புதன்கிழமை அந்திக்கு நான் பனையடியில் இருப்பேன். வேட்டு போட்டால் என் பிள்ளையை நீ இரண்டாம் தடவை காட்டுக்கு அனுப்புகிறாய் என்று அர்த்தம்.

உன் இஷ்டம்.

செந்தூர்பாண்டி


உடங்காட்டுப்பட்டி
25.6.2025, காலை

அண்ணா,

சின்னச்சாமி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அவசரமாக எழுதுகிறேன்.

பீவி ஜான் அம்மா நேற்று அவரிடம் ஒரு சேதி சொல்லியிருக்கிறார். உங்கள் வேட்டி சட்டையெல்லாம் துவைத்து மடித்து அவரிடம் கொண்டுபோய், யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்றீர்களாமே. போனையும் கொடுத்துவிட்டீர்களாம். “அந்தத் தம்பி மொகம் சரியில்ல. தங்கச்சிகிட்ட சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டிருக்கிறார்.

கக்கல் பொறுக்க வருகிறவனுக்கு மாற்று வேட்டி ஏன் வேண்டாமல் போகிறது? எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் எடுக்க வரவில்லை. அவள் போன வழியிலேயே போக வருகிறீர்கள். அதற்கு நான் வேட்டு போடாமல் ஒத்தாசை செய்ய வேண்டும், அப்படித்தானே?

போடுவேன். கேட்டுக்கொள்ளுங்கள், போடுவேன். இதுவரை ஊருக்காகப் போட்டேன். இன்றைக்கு உங்களுக்காகப் போடுகிறேன். காலம் முழுக்க என்னோடு பேசாமல் இருங்கள். என்னைத் தங்கை என்று சொல்லாதீர்கள். ஆனால் பேசாத அண்ணனாவது எனக்கு உயிரோடு வேண்டும். எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்களையும் அதன் வயிற்றுக்குக் கொடுக்கமாட்டேன்.

நேற்று முழுக்கத் தூறல். குழாயை மூடி வைத்தேன், திரியைத்தான் நனையவிட்டுவிட்டேன். வெயிலில் காயவைத்திருக்கிறேன். வெயில் வரவேண்டும்.

மீனா


விருதுநகர்
26.6.2025

மீனாவுக்கு,

உன் கடிதத்தைச் சின்னச்சாமி கொடுத்தார். பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பிரித்தால் வரமுடியாமல் போய்விடும் என்று பயம். ஊருக்குள் வரவில்லை. விஸ்வநத்தத்தில் இறங்கிக் காட்டு வழியாகப் பனையடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் மனசு சாகத் துணிந்துதான் இருந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. நீ புரிந்துகொண்டது சரிதான்.

பொழுது சாய்ந்தது. வேட்டு வரவேண்டிய நேரம் தாண்டியது. நீ மனம் மாறிவிட்டாய் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை மீனா. கீழத்தெருப் பிள்ளைகள் கரைக்கு ஓடிவருவார்களே என்றுதான் கரைப் பக்கமே பார்த்தேன். சாக வந்து உட்கார்ந்திருக்கிறவன் வேட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே நான் பார்த்துக்கொண்டிருந்த உடைமரம் ஒன்று கழுத்தைத் திருப்பியது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றதோ தெரியாது. நடந்து வந்தது. அத்தனை பெரிய காலுக்குச் சத்தமே இல்லை. என் தலைக்கு மேலே அதன் மூக்கு. கண் ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னைப் பார்த்தது. அதில் கோபம் ஒன்றும் இல்லை. பசிகூட இல்லை. சத்தம் வருமா வராதா என்று அதுவும் என்னைப் போலவே கேட்டுக்கொண்டிருந்தது. என் பிள்ளையும் இதைத்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். கண்ணாடி இல்லாததால் பார்த்திருக்கமாட்டாள் என்றும் நினைத்தேன். அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்போது உன் வேட்டு விழுந்தது.

நான் என் காதைப் பொத்தவில்லை. ஓடவும் இல்லை. என் இரண்டு கையும் தானாக இடுப்புப் பக்கம் இறங்கி, அங்கே இல்லாத ஒரு தலையை அணைத்து, காதைப் பொத்தின. சத்தம் அடங்குகிறவரை அப்படியே பொத்திக்கொண்டிருந்தேன். தரையன் போய்விட்டது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் போய்விடுவாள் என்று இருந்தது. நன்றாக இருட்டிய பிறகுதான் எடுத்தேன். பிறகு ஓடையில் உட்கார்ந்து அழுதேன். இதுவரை அழவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கக்கல் கிடைக்கவில்லை. இனி கிடைக்காது. தேடி அலையாதே.

நேற்றுக் காலையிலேயே ரிப்பேர்க் கடையில் அவள் கண்ணாடியை வாங்கியிருந்தேன். கால் மாட்டி, துடைத்து, புதிதுபோலக் கொடுத்தார்கள். எதற்கு வாங்கினேன் என்று அப்போது தெரியவில்லை. பனையடியில் கையாலேயே குழி தோண்டி அதைப் புதைத்தேன். மேலே மூன்று கல் வைத்திருக்கிறேன். மேடு சின்னதுதான். உட்கார ஓர் இடம்.

விடியும்போது பஸ் ஏறி மண்டிக்கு வந்து, உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். பீவி ஜான் அம்மா என் போனையும் வேட்டி சட்டையையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். “யாருக்கும் அளவு சரியா வரல” என்று திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை வரை மண்டியில் வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்.

உன் வேட்டு நேரம் தப்பியது. திரியில் ஈரம். சத்தத்திலேயே தெரிந்தது, இழுத்து இழுத்து வெடித்தது. அந்தச் சின்ன நேரத்துக்குள் அது கரை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனிமேல் திரியை அரிசி டப்பாவுக்குள் வை. மருந்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி இடி. நெருப்பு வைத்துவிட்டுக் கண்ணை மூடாதே, கரையைப் பார்.

சனிக்கிழமை அந்திக்கு நான் போடுகிறேன். நீ பக்கத்தில் நின்று ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடு. மாடத்தில் இருக்கிற பாக்கெட்டைத் தொடவேண்டாம்.

உன் அண்ணன்
செந்தூர்பாண்டி